மச்சானுக்குப் போட்ட பாஸ்வேர்ட்

போன புதன்கிழமை தண்டையார்பேட்டை பஸ் ஸ்டாப்பில் ஒரு வாசகர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், இந்தப் பத்தி எழுதறது நீங்கதானே? போட்டோவுல முடி ஜாஸ்தியா கீதே!"

போட்டோ பழசு. ஒப்புக்கொண்டேன்.

அவருக்குப் பிரச்னை என் முடி அல்ல, அவர் வீட்டு கம்ப்யூட்டர். ஆன் செய்தால் போதுமாம், கேட்காமலே ஜன்னல் ஜன்னலாகத் திறக்கிறதாம். சூதாட வா என்கிறதாம். உடம்பு இளைக்க வா என்கிறதாம். இன்னும் சில விஷயங்களுக்கும் வா என்கிறதாம் — அதை மட்டும் என் காதுக்குள் சொன்னார்.

"வூட்ல பொம்பளப் பசங்க கீறாங்க சார். அவமானமா கீது. ஏதோ ஸ்பைவேர்னு சொல்றாங்க. அத்த எப்டி சார் தொரத்தறது? எழுதுங்களேன். உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் அத்துப்படியாச்சே!"

அத்துப்படி... நான்தான் இதே பக்கத்தில் இரண்டு மூன்று முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

பஸ் வந்துவிட்டது. "எழுதறேன்" என்று சொல்லி ஏறிவிட்டேன். ஏறி உட்கார்ந்த பிறகுதான் மனசு கனத்தது. ஸ்பைவேரை எப்படித் துரத்துவது என்று எனக்குத் தெரியும். துரத்தியும் விட்டேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு மனிதரைத் துரத்திவிட்டேன். ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்ல முடியவில்லை. படியுங்கள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

என் மனைவி செலினுக்கு ஒரே அண்ணன், சூசை. துறைமுகத்தில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறவர். காசிமேட்டில் வீடு. மனைவி தவறி எட்டு வருஷம் ஆகிறது. ஒரே மகள் ஸ்டெல்லா மஸ்கட்டில் நர்ஸ். போன வருஷம் அவளுக்கு அங்கேயே குழந்தை பிறந்தது. பேத்தியை மச்சான் இன்னும் தூக்கிப் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் எங்கள் வீட்டு மானிட்டரில்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலிலிருந்து நேராக ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அதே வெள்ளைச் சட்டை, வழித்து வாரிய தலை. பத்து மணிக்கு நான் டெலிபோன் லைனில் டயல்-அப் போட்டு, அவருடைய மெயிலைத் திறந்து கொடுத்துவிட்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவேன். ஸ்டெல்லா தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புவாள். மச்சான் அதை எழுத்துக்கூட்டி, சத்தம் போட்டுப் படிப்பார். சமையலறையிலிருந்து செலின் 'உம்' கொட்டுவாள்.

பிறகு பதில். ஒற்றை விரலால். 'கே' எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் செலினுக்கு ஒரு காபி முடிந்துவிடும். நாலு வரிக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் எங்கள் போன் எங்கேஜ்டு. யாரும் முணுமுணுத்ததில்லை. அவருடைய வாரமே அந்த ஒரு மணி நேரம்தான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் ஒரு நாள் சாயங்காலம், ப்ளஸ் டூ படிக்கும் என் மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அப்பா, கம்ப்யூட்டர்ல ஏதோ வருது. நீங்களே பாருங்க. அம்மாகிட்ட சொல்ல வேணாம்."

பார்த்தேன். இன்டர்நெட் திறந்ததும் முதலில் வரும் பக்கமே மாறியிருந்தது. என்ன படம் என்று இங்கே எழுத முடியாது. மேலே, நான் வைக்காத பட்டைகள் — டூல்பார்கள் — எண்ணூர் ஹைவேயில் கண்டெய்னர் லாரி நிற்கிற மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக. மூடினால் இன்னொன்று. அதை மூடினால் இரண்டு.

உங்களுக்கு என்ன தோன்றியிருக்கும்? எனக்கு ஒன்றுதான் தோன்றியது — யாரோ பார்த்திருக்கிறார்கள்.

யார்? நான் இல்லை. செலினுக்கு கம்ப்யூட்டர் மேல் தூசு தட்டத்தான் நேரம். மகள் வந்து சொன்னவள். மிச்சம்?

'அத்துப்படி' ஆசாமி அல்லவா... ஹிஸ்டரியைத் திறந்தேன். எந்தெந்தப் பக்கம், எந்தெந்த நேரம் என்று அது வரிசையாக வைத்திருக்கும். அசிங்கமான பெயர்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை கணக்கில் இருந்தன. பத்து நாற்பது. பத்து ஐம்பது. பதினொன்று. போன ஞாயிறும் அப்படியே. அதற்கு முந்தின ஞாயிறும். மற்ற நாட்களில் ஏதோ ஒன்றிரண்டு.

ஞாயிறு பத்து நாற்பதுக்கு அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருப்பார் என்பது உங்களுக்கே தெரியும்.

ஐம்பத்து நாலு வயசு. தனிக்கட்டை. துறைமுகத்தில் நாலு பேரோடு பழகுகிறவர்... என்று என் புத்தி ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கியது. இருபது வருஷமாகத் தெரிந்த மனிதர் என்பது மட்டும் அந்த அடுக்கில் வரவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது கோபமாகத்தான் இருந்தது.

முதல் பக்கத்தைப் பழையபடி மாற்றிவிட்டு, கம்ப்யூட்டருக்கு பாஸ்வேர்ட் போட்டேன். நேரில் கேட்கத் தைரியம் இல்லாதவன் வேறு என்ன செய்வான்?

அடுத்த ஞாயிறு மச்சான் வந்தார். அன்றைக்கு நான் மெயிலைத் திறந்து கொடுக்கவில்லை. பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவரே ஆன் செய்தார்.

"மாப்ள, இன்னாமோ கேக்குதே. இன்னா அமுக்கறது?"

"பாஸ்வேர்ட் போட்டிருக்கேன் மச்சான்."

"சரி, போட்டுக் குடு. பாப்பாவுக்குப் பல்லு மொளச்சிகிதாம். போட்டோ அனுப்பறேன்னா."

நான் பேப்பரை இறக்கவில்லை. "கண்டதையும் பாத்தா வைரஸ் வருது மச்சான்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "வயசுக்கு வந்த பொண்ணு இருக்கிற வீடு."

 பேப்பருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. எட்டிப் பார்த்தேன். நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளி, மானிட்டர் மேல் போடுகிற துணியை எடுத்து, ஓரம் இழுத்துச் சரியாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சரி மாப்ள" என்றார். போய்விட்டார்.

செலின் கரண்டியோடு வெளியே வந்தாள். "எங்க அண்ணன்? மீனு வறுத்துகினு கீறேன்..."

"வேலை இருக்காம்" என்றேன். மச்சானுடைய தட்டில் போட வேண்டிய வஞ்சிரத்தையும் நானே தின்றேன்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. செலின் போன் செய்தால், ஓவர்டைம் என்றார். எனக்கு உள்ளூரத் திருப்தி — உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குற்றவாளி மாட்டிக்கொண்டான், வீடு சுத்தமாகிவிட்டது!

நாலாவது ஞாயிறு. அந்த வாரத்துப் பத்தியை மெயிலில் அனுப்ப வேண்டியிருந்தது. எழுதி முடிக்காமலே லைனைப் போட்டுவிட்டு, அதிலேயே உட்கார்ந்து டைப் அடித்தேன். அரைமணி நேரம் ஆகியிருக்கும். திடீரென்று ஒரு ஜன்னல் திறந்தது. அதன் மேல் இன்னொன்று. அதே படங்கள்.

நான் எதையும் தொடவில்லை. என் இரண்டு கையும் கீபோர்டில்தான் இருந்தன.

கை சில்லிட்டது என்று கதைகளில் எழுதுவார்கள். எனக்குக் காது சூடானது. ஹிஸ்டரியைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை, பத்து முப்பத்தைந்து. என் கணக்கில் இப்போது அந்த அசிங்கப் பெயர்கள்.

மறுநாள் நான் வேலை பார்க்கும் ஃபேக்டரியில் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் வசந்தியிடம் போய் நின்றேன். வியாசர்பாடிப் பெண். எல்லா மெஷினுக்கும் வைத்தியம் பார்க்கிறவர் அவர்தான். சனிக்கிழமை மத்தியானம் ஒரு சி.டி.யோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

வாசகர் நண்பரே, நீங்கள் கேட்ட பகுதி இதுதான். கவனமாகப் படியுங்கள்.

வசந்தி முதலில் செய்தது, டெலிபோன் ஒயரைப் பிடுங்கியது. "லைன் இருந்தா இது அவங்க ஆளுங்ககிட்ட பேசிக்கிட்டே இருக்கும் சார்." பிறகு ரீ-ஸ்டார்ட். திரை வருவதற்குள் எஃப்-எட்டைத் தட்டி சேஃப் மோடில் நுழைந்தார். அப்படி நுழைந்தால் தேவையான புரோகிராம்கள் மட்டும்தான் விழித்திருக்குமாம், திருட்டுப் புரோகிராம்களில் முக்கால்வாசி தூங்குமாம். கன்ட்ரோல் பேனலில் இருக்கிற பட்டியலைத் திறந்து, எனக்குத் தெரியாத பெயர்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கினார்.

"ஆன்ட்டி-வைரஸ் இருக்கா சார்?"

"போட்டிருக்கேனே!"

"எப்போ அப்டேட் பண்ணீங்க?"

போட்டாயிற்றே, அப்புறம் என்ன என்றுதான் நான் இருந்திருக்கிறேன். தடுப்பூசி மாதிரி ஒரு தரம் போட்டால் போதும் என்று நினைத்தேன். 

சி.டி.யிலிருந்து ஆன்ட்டி-ஸ்பைவேர் போட்டு ஓட விட்டார். ஒன்று போதாதாம், ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்குமாம். அதனால் இரண்டு. ஆனால் 'உன் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே என்னை இறக்கு' என்று தானாக வந்து அலறுகிறது பாருங்கள், அதை மட்டும் தொடவே கூடாது. அலறுகிறவன்தான் திருடன். முன்னூற்றுப் பதினேழு பூச்சிகள் சிக்கின. 

"இது எப்படிம்மா ஞாயித்துக்கிழமையில மட்டும்..." என்று இழுத்தேன்.

"லைன் போட்டாதான் சார் இது வேலை செய்யும். மத்த நாள்ல நீங்க அஞ்சு நிமிஷம் போட்டுட்டு எடுத்துடுவீங்க. ஞாயித்துக்கிழமை யாரோ ஒரு மணி நேரம் லைன்லயே இருந்திருக்காங்க. இதுக்கு அது போதும்."

ஒற்றை விரலால் 'கே'யைத் தேடியதுதான் மச்சான் செய்த குற்றம்.

வசந்திக்கு இன்னொரு சந்தேகம். "நடுவுல பொட்டி பொட்டியா வந்து 'இதை இன்ஸ்டால் பண்ணட்டுமா, எஸ்ஸா, நோவா'ன்னு கேட்டிருக்குமே. யாராவது எஸ் குடுத்தீங்களா?"

"நான்தான்" என்றாள் செலின். காபி டம்ளரோடு நின்றவள், சாதாரணமாகச் சொன்னாள். "அண்ணன் கேக்கும், செலினு, இன்னாமோ கேக்குது பாருன்னு. அடுப்பாண்ட இருந்தே 'எஸ்ஸு குடுண்ணா'ன்னு சொல்வேன். இன்னா ஏதுன்னு நான் பாக்கல."

"ஏன் எஸ்? நோ சொல்லலாமில்ல?" என்றேன்.

"வூடு தேடி வந்து ஒருத்தன் மருவாதியா கேக்கறான். எடுத்த எடுப்புலயே நோன்னு சொல்வாங்களா? நல்லாவா கீது?"

 எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால்கூட 'அரிசி இல்லை' என்று சொல்லக்கூடாது, 'அரிசி நிறைஞ்சிருக்கு' என்றுதான் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் கேட்டுப் பாருங்கள், தீர்ந்துபோன உப்புக்கும் அதே பதில்தான். 'இல்லை' என்ற சொல் வாசலில் விழக்கூடாது என்று வளர்ந்தவளிடம் எவனோ ஒருவன் எஸ்-ஸா நோ-வா என்று கேட்டிருக்கிறான். அவள் வேறு எதைச் சொல்வாள்?

"நோ அமுக்கியிருந்தாலும் அதேதான் மேடம்" என்று வசந்தி சமாதானம் சொன்னார். "அந்தப் பொட்டியில நோ-வும் எஸ்ஸுதான். எதையும் தொடாம ஆல்ட்டும் எஃப்-நாலும் சேத்து அமுக்கி மூடிடணும்."

எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆக, மனைவிதான் கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள்! இதை வைத்தே ஒரு வாரப் பத்தி எழுதலாம் போலிருக்கிறதே என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

வசந்தி திரையைக் காட்டினார். "இருக்கிறதுலயே பழசு இதான் சார். இது வந்த அப்புறம்தான் மத்ததெல்லாம் உள்ள வந்திருக்கு. இந்த மீன் நீந்தற ஸ்கிரீன் சேவர்... யாரு போட்டது?"

நான். இலவசம் என்று இறக்கினேன். மூன்று பக்கத்துக்கு நிபந்தனை வந்தது. ஒரு வரி படிக்காமல் 'ஐ அக்ரீ' அழுத்தினேன். மீன்கள் அழகாக நீந்தின. வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

'ஐயோ, மச்சான்...' என்று அப்போதுதான் என் வாயிலிருந்து வந்தது. செலின் கேட்டாள், "அண்ணனுக்கு இன்னா?" சொன்னேன். மறைக்க இனி எதுவும் இல்லை. பேப்பரை இறக்காமல் பேசியது வரை சொன்னேன்.

"எங்கண்ணனையா?" என்றாள். "எங்கண்ணனையாங்க சொன்னீங்க?"

காபி டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வசந்தி சி.டி.யைப் பையில் போட்டுக்கொண்டு, வெளியாட்களைத் தடுக்கும் ஃபயர்வாலை ஆன் செய்து வைக்கச் சொல்லி, வாரம் தவறாமல் அப்டேட் செய்யச் சொல்லி, வீட்டில் ஆளாளுக்குத் தனி லாகின் வைத்து, புதுசாக எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாதபடி அதைக் கட்டுப்படுத்தச் சொல்லிவிட்டுப் போனார். எல்லாம் செய்தேன். கம்ப்யூட்டர் இப்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது.

ஸ்பைவேர் என்றால் வேவு பார்க்கும் புரோகிராம். யார், எந்த நேரத்தில், எதைப் பார்த்தார் என்று சத்தமில்லாமல் குறித்துக்கொள்ளுமாம். சரி, ஹிஸ்டரியைத் திறந்து வைத்துக்கொண்டு நான் செய்தது என்ன?

மறுநாள் ஞாயிறு. காசிமேட்டுக்குப் போனேன். மச்சான் வீட்டில்தான் இருந்தார். ஓவர்டைம் எல்லாம் இல்லை. வெள்ளைச் சட்டையோடு, சும்மா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ வாங்கி வந்தார்.

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மீன், ஐ அக்ரீ, முன்னூற்றுப் பதினேழு. "தப்பு என்னோடது மச்சான். கம்ப்யூட்டர் சுத்தமாயிடுச்சு. வாங்க."

டீயைக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"மெஷினு என்னக் கெட்டவன்னு சொல்ச்சு, நம்பிட்டே. இப்போ மெஷினு நல்லவன்னு சொல்து, அத்தியும் நம்பிட்டே. நடுவுல நீ எங்க மாப்ள கீறே?"

 ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன். "அந்தப் படமெல்லாம் உங்களுக்கும் வந்திருக்குமே. ஏன் மச்சான் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"வந்துச்சு. கலீஜு. வந்தா மானிட்டர ஆஃப் பண்ணிட்டு, கொஞ்ச நேரம் கண்ண மூடிகினு குந்தியிருப்பேன். அப்பால போடுவேன்."

"அப்ப சொல்லியிருக்கலாமே!"

அவர் தரையைப் பார்த்தார். "நீ பாக்கறேன்னு நென்ச்சேன் மாப்ள."

"நானா?"

"உன் வூடு, உன் மெஷினு. வேற யாரு? தங்கச்சிக்குத் தெரிஞ்சா பேஜாராப் பூடும்னு சொம்மா இருந்துட்டேன். ஆம்பளைக்குப் புத்தி தடுமாறும். ஞாயித்துக்கெழம பூசையில உனக்காக வேண்டிகினு கூட இருந்தேன்."

சந்தேகம் எனக்கும் வந்தது, அவருக்கும் வந்தது. அவர் அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு எனக்காக முழங்காலில் நின்றார். நான் பாஸ்வேர்ட் போட்டேன். அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு நான் அழுததை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. மச்சான் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். தோளைத் தொடவில்லை. முன்பெல்லாம் தொடுவார்.

"ஸ்டெல்லா மெயில்?" என்று கேட்டேன்.

"வர்ல. அனுப்பாதன்னு சொல்ட்டேன். கண்ணு மங்கிட்ச்சும்மா, படிக்க முடியல, போன்ல பேசுன்னு."

"மச்சான்!"

"வேற இன்னா சொல்றது? உங்க மாமா வூட்ல என்ன சேத்துக்கலன்னா?"

"நானே அவகிட்ட உண்மையைச் சொல்லிடறேன்."

"வோணாம். மாமா மாமான்னு உன் மேல அது உசுர வெச்சிகினு கீது. அத்த கெடுத்துக்காத." வாசல் வரை வந்து வழியனுப்பினார். "வரேன் மாப்ள, ஒருநாளு" என்றார். எந்த நாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதற்கப்புறம் நாலு ஞாயிறு போய்விட்டது. போன ஞாயிறு செலின் வறுத்த மீனை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு தனியாகவே காசிமேட்டுக்குப் போனாள். என்னைக் கூப்பிடவில்லை.

நேற்று மெயிலைத் திறந்தேன். ஒரு அசிங்கமும் குதிக்கவில்லை. ஒரே ஒரு புது மெயில் இருந்தது. மஸ்கட்டிலிருந்து ஸ்டெல்லா.

'மாமா, அப்பாவுக்குக் கண் தெரியலைன்னு சொல்றார். போன்ல பேசினா மனசு விட்டுப் பேச மாட்டேங்கிறார். மெயில்லதான் நல்லா எழுதுவார். உங்க கம்ப்யூட்டர்ல எழுத்தைப் பெரிசு பண்ணி வைக்க முடியுமா மாமா? நீங்கதான் இதுல பெரிய ஆளுன்னு அப்பா எப்பவும் சொல்லுவார். பாப்பா போட்டோ இதோட வெச்சிருக்கேன். அப்பா வந்தா காட்டுங்க.'

எழுத்தைப் பெரிதாக்கிவிட்டேன், மூன்றே க்ளிக்தான் — உட்கார்ந்து படிக்கத்தான் ஆள் இல்லை.